மேல் திறந்த வண்டிக்கு ஓர் அர்ச்சனை

எங்கே ஆரம்பித்தாலும் தப்பாகத்தான் வந்து முடியப்போகிறது என்று அமராவதிக்குப் பட்டது. அப்பாவோட வண்டியைக் கொடுத்துட்டேன் கண்ணு என்று ஆரம்பித்தால் கோகுல் அந்த இடத்திலேயே நின்றுவிடுவான், அதற்கு மேல் எதுவும் அவன் காதில் ஏறாது. புதுசா ஒரு வண்டி வாங்கியிருக்கேன் என்று ஆரம்பித்தால் என்ன வண்டி என்று கேட்பான், ரெண்டு பேர் உட்கார்ற வண்டி என்று சொல்ல வேண்டிவரும், ரெண்டு பேரா என்பான், அதற்குள் மேல் திறக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும், சொல்லாமல் விட்டுப் பின்னால் தெரிந்தால் ஏன் மறைச்சீங்க என்பான், சொன்னாலோ அங்கே மெல்பர்னில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பெண்டாட்டியைத் திரும்பிப் பார்ப்பான். பார்ப்பது போனில் தெரியாது. பேச்சுக்கு நடுவே விழுகிற ஒரு சின்னப் பள்ளம் தெரியும். அந்தப் பள்ளத்துக்குள் அவளைப் பற்றி ஏதோ முடிவாகிறது என்பதும் தெரியும். ஏழாவது படிக்கும்போது எல்லோருக்கும் முன்னால் நிறுத்தி ஒரு கதை சொல்லச் சொன்னார்கள், அமராவதி பயத்தில் முடிவை முதலில் சொல்லிவிட்டாள், வகுப்பே சிரித்தது, டீச்சரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், அந்த வருஷமே வயசுக்கு வந்து படிப்பு நின்றுபோனதால் கதையைச் சரியாகச் சொல்லிக் காட்ட இன்னொரு வாய்ப்பு வரவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அந்தக் கவலை இல்லாமல் போனது. அவள் எதை எப்படிக் குழப்பிச் சொன்னாலும் கிட்டுசாமி நடுவில் புகுந்து, அவ சொல்ல வர்றது என்னன்னா என்று எடுத்துக்கொள்வார். வங்கியில், டாக்டரிடம், சம்பந்திகளிடம், பெற்ற மகனிடமே கூட. அவ சொல்ல வர்றது என்னன்னா. சில நேரம் அவள் சொல்ல வந்தது அதுவாக இருக்காது, ஆனால் கேட்க நன்றாக இருக்கும், இருக்கட்டும் என்று விட்டுவிடுவாள். அவர் போய் மூன்றாவது வருஷம் நடக்கிறது. கல்யாணப் பந்தியில், பக்கத்து இலைக்காரரோடு பம்புசெட் மோட்டார் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே சாய்ந்தவர். அன்றிலிருந்து அவள் சொல்வதெல்லாம் அவள் சொன்னபடியே போய் எல்லோரிடமும் சேர்ந்துவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை, கோகுல் கூப்பிடுகிற நாள். அதற்குள் ஈச்சனாரிப் பிள்ளையார் கோயிலுக்குப் போய் வண்டிக்குப் பூஜை போட்டுவிட வேண்டும் என்று கிளம்பியிருந்தாள். பீளமேட்டிலிருந்து உக்கடம் வரைக்கும் எப்படி வந்து சேர்ந்தாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இந்த வண்டியில் உட்கார்ந்தால் ஊர் வேறு ஊராக இருக்கிறது. கிட்டுசாமியின் பெரிய வண்டியில் மேலே உட்கார்ந்து காம்பவுண்டுச் சுவர்களுக்கு உள்ளே துணி காய்வதைப் பார்த்துக்கொண்டே போன பாதைதான், இப்போது லாரிச் சக்கரம் அவள் கண்ணுக்கு நேராகச் சுற்றுகிறது, நாய்கள் அவளைச் சமமாகப் பார்க்கின்றன, பஸ்ஸின் வயிற்றுக்கு அடியில் என்னவெல்லாம் தொங்குகிறது என்று தெரிகிறது. இவ்வளவு தாழ்வாக ஒரு பொம்பளை இருப்பது மேலே இருக்கிற பஸ் டிரைவருக்குத் தெரியுமா, தெரியாமல் அப்படியே இடப்பக்கம் அணைத்துவிட்டால். ஹாரனை அழுத்தினாள். ஹாரன் மட்டும் நன்றாக இருந்தது, கனமான குரல். வலது பக்கம் திரும்ப விளக்குப் போட்டால் வைப்பர் ஓடியது. வெளிநாட்டு வண்டிக்கு விளக்கு இடதுகைப் பக்கம் என்று விற்றவர் சொல்லித்தான் இருந்தார், ஆனால் கை கேட்டால்தானே, பழகின கை, ஒவ்வொரு திருப்பத்திலும் காய்ந்த கண்ணாடியில் வைப்பர் கிறீச் கிறீச்சென்று அழுதது. பின்னால் வந்த ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்து, "வெயிலடிக்குதுங்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். அதைவிடப் பெரிய பயம் வேகத்தடை. பெரிய வண்டியில் இந்த ஊரில் இத்தனை வேகத்தடை இருப்பதே தெரியவில்லை. முதல்நாள் வீட்டுத் தெரு முனையில் வண்டியின் அடிவயிறு தடையில் உரசிய சத்தம் இன்னும் அவளுடைய அடிவயிற்றிலேயே கிடக்கிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தடையிலும் வண்டியைச் சாய்வாக நிறுத்தி, ஒரு சக்கரம், அப்புறம் ஒரு சக்கரம் என்று, தூங்குகிற குழந்தையைக் கட்டிலில் இருந்து தொட்டிலுக்கு மாற்றுவது போல இறக்கினாள். இறக்கிவிட்டு மூச்சு விட்டாள். வண்டியும் மூச்சு விட்ட மாதிரி இருந்தது. இரண்டு பேருக்குமே இது புதிது. அந்த வண்டி இதுவரை ஓடவே இல்லை.

"ஓடலீங்க, அதான் சொல்றேன்" என்று அவிநாசி ரோட்டில் பழைய வண்டி விற்கிற அந்த ஆள் சொன்னார், பெயர் மயில்வாகனம், தலைக்கு அடித்த சாயம் நெற்றி வரைக்கும் இறங்கியிருந்தது. "ஒரு டாக்டருதுங்க. ஞாயித்துக்கெழமை ரேஸ்கோர்ஸ்ல ஒரு சுத்து. கொண்டாந்து நிறுத்தித் துணியப் போட்டு மூடிருவாரு. புதுப் பொண்ணு மாதிரிங்க." அவள் அங்கே போனது வாங்குவதற்கு இல்லை. கிட்டுசாமியின் எட்டுப் பேர் உட்கார்கிற வண்டிக்கு என்ன விலை வரும் என்று கேட்கத்தான் போனாள். அந்த வண்டிதான் அவளைத் துரத்தியது. சாயங்காலம் கோயிலுக்குப் போகும்போது கண்ணாடியில் பார்ப்பாள், பின்னால் ஆறு இருக்கைகளும் அவளையே பார்த்துக்கொண்டிருக்கும். பேரன் வந்தால் இதில் உட்காருவான், சம்பந்தி வந்தால் இதில், மருமகள் நடுவில். தூசி தட்டித் தட்டி வைத்திருந்தாள். போன தடவை கோகுல் குடும்பத்தோடு வந்தபோது குழந்தைக்குத் தனி இருக்கை வைத்த வாடகை வண்டியை விமான நிலையத்திலேயே எடுத்துக்கொண்டு வந்துவிட்டான், இருந்த பத்து நாளும் அதிலேயே சுற்றினார்கள், பெரிய வண்டி ஷெட்டிலேயே நின்றது. அதற்கு முந்தின தடவையும் அப்படித்தான். அவன் மேல் தப்பில்லை. குழந்தைக்கு அந்த இருக்கை வேண்டும். ஆனால் அவர்கள் போன பிறகு வண்டியை எடுத்தால் அந்த ஆறு இருக்கைகளும் ஒரு வார்த்தை பேசாமல் பின்னாலேயே வந்தன. மயில்வாகனத்தின் ஆட்கள் பெரிய வண்டியைச் சுற்றித் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, மூலையில் துணிக்கு அடியில் ஏதோ தெரிந்தது. மருதாணி இலையை அரைத்த மாதிரி ஒரு பச்சை. அதென்னுங்க என்று கேட்டாள். துணியை எடுத்தார்கள். கதவைத் திறந்து காட்டினார்கள். ஓட்டுகிற இருக்கையில் தோல் லேசாகச் சுருங்கியிருந்தது. பக்கத்து இருக்கையில் ஒரு சுருக்கமும் இல்லை. ஒரு ஆள் கூட அதில் உட்கார்ந்ததில்லை என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது, துணி மடிப்பைப் பார்த்துத் தெரிவது போல. டாக்டருக்குக் குடும்பம் இல்லைங்களா என்று கேட்டாள். "அதெல்லாம் நல்ல குடும்பமுங்க" என்றார் மயில்வாகனம். அப்புறம் ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தார், கூரை நடுவில் முறிந்து மடங்கி வெற்றிலையை மடிப்பது போலப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. வெயில் உள்ளே விழுந்தது. "மழ வந்தாங்க?" "ஓடிட்டே இருந்தா மழ உள்ள விழாதுங்க. காத்து அப்படியே தலைக்கு மேல தள்ளிட்டுப் போயிரும். நின்னாத்தான் நனைவீங்க. ஆடி பொறந்தா ஒருத்தரும் வண்டி எடுக்க மாட்டாங்க, அதுக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க." யோசிச்சுச் சொல்றேன் என்று சொல்வதற்காகத்தான் வாயைத் திறந்தாள். சரிங்க என்று வந்துவிட்டது. அவ சொல்ல வந்தது என்னன்னா என்று சொல்ல ஆள் இல்லை.

சரி என்று சொன்னதிலிருந்து தூக்கம் போயிற்று. கோகுலுக்கு இது தெரிந்தால் அடுத்து என்ன என்று அவளுக்குத் தெரியும். தொண்டாமுத்தூர் ரோட்டில் வயசானவர்களுக்கென்று கட்டியிருக்கிற குடியிருப்பு. கோகுலின் சிநேகிதன் தரணி போன மாதம் கூட்டிப்போய்க் காட்டினான். எல்லாமே நன்றாக இருந்தது, அதுதான் கஷ்டம். மலை தெரிந்தது, மயில் உலாவியது, சாப்பாட்டு மணி அடித்தது, அவளை விட ரொம்ப வயசானவர்கள் சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து வாசல் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குளியலறையில் சுவரோரம் ஒரு சிவப்புக் கயிறு தொங்கியது. "விழுந்துட்டா இழுத்தாப் போதும்மா, ஆள் வந்துருவாங்க" என்று தரணி அதை இழுத்தே காட்டினான், உடனே நிஜமாகவே ஒரு பெண் ஓடி வந்தாள். எனக்கு அம்பத்தஞ்சுகூட ஆகலையே தம்பி என்றாள் அமராவதி. "இப்ப வேண்டாம்மா. ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா. கோகுல் நெனச்சு நெனச்சுப் பயப்படறான்." ஏதாச்சும் ஒண்ணு. அந்த ஒண்ணு என்னவாக இருக்கும் என்று அவளும் யோசித்துக்கொண்டுதான் இருந்தாள். கேஸை மூட மறப்பது. வாசல் கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்குவது. புருஷன் வைத்துவிட்டுப் போன வண்டியை விற்றுக் கூரை மடங்குகிற வண்டி வாங்குவது. அதையும் அந்த வரிசையில்தான் வைப்பார்கள். வீட்டைப் பூட்டிச் சாவியைத் தரணியிடம் கொடுத்துவிட்டு அந்தக் கயிற்றுக்குப் பக்கத்தில் போய்ப் படுக்க வேண்டும். அதனால் சொல்வதைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும், ஒரே தடவையில், வரிசையாக, அவன் ஓ அப்படியா நல்லதும்மா என்று சொல்கிற மாதிரி. எந்த வரிசை என்பதுதான் தெரியவில்லை.

கோயில் வாசலில் அவளுக்கு முன்னால் மூன்று பைக்கும் ஒரு டிராக்டரும் மாலை போட்டுக்கொண்டு நின்றன. குருக்கள் இவளுடைய வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "எல்லாரும் பானட்டைத் திறந்து வைப்பா. நீங்க மேலே திறங்கோ, உள்ளே தீர்த்தம் தெளிக்கணும்" என்றார். பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்திப் பிடித்தாள். கூரை எழுந்தது. டிராக்டர்க்காரர் வாய்விட்டு, "அட, குடை மாதிரியல்ல மடங்குது!" என்றார். கூட்டம் சேர்ந்துவிட்டது. தலைக்கு மேல் ஒன்றுமே இல்லாமல், இத்தனை பேர் நடுவில், குளிக்கிற இடத்தில் கதவு திறந்துகொண்ட மாதிரி அமராவதி சேலைத் தலைப்பை இழுத்து இழுத்துத் தோளை மூடினாள். முன் கண்ணாடிச் சட்டத்தில் குருக்கள் செவ்வந்தி மாலையைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். சந்தனம் வைத்தார், குங்குமம் வைத்தார். "வண்டிக்காரர் பேரு, ராசி, நட்சத்திரம் சொல்லுங்கோ" என்றார். வண்டிக்காரர் என்றதும் அவள் வாய் தானாகச் சொல்லிற்று. முப்பது வருஷமாக எந்தக் கோயிலில் யார் கேட்டாலும் எந்த வரிசையில் சொல்லிப் பழகியதோ அதே வரிசையில். "கிட்டுசாமி. விருச்சிக ராசி. அனுஷ நட்சத்திரமுங்க." சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. அதற்குள் குருக்கள் தொடங்கிவிட்டார், கிட்டுசாமி நாமதேயஸ்ய என்று கணீரென்று ஆரம்பித்து, தீர்க்காயுசு, ஆரோக்கியம், சகல காரிய சித்தி என்று கேட்டுக்கொண்டே போனார், மணி அடித்தது, அவள் கையை நீட்டித் தடுக்கப் போய், என்ன சொல்லித் தடுப்பது, அவர் இல்லீங்க என்று இத்தனை பேர் நடுவில், புது வண்டிக்கு முன்னால், அந்த வார்த்தையைச் சொல்லலாமா, டிராக்டர்க்காரர் நல்ல காரியத்துக்கு வந்திருக்கிறார், அவர் முகம் சுருங்காதா. கையைக் கும்பிட்டுக்கொண்டாள். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். வண்டியை முன்னால் நகர்த்தினாள். இவ்வளவு தாழ்வான வண்டியில் பழம் நசுங்குகிற சத்தம் காதுக்குப் பக்கத்திலேயே கேட்டது. செத்தவருடைய ஆயுளுக்கு அர்ச்சனை செய்த வண்டி. இது குற்றமா, பரிகாரம் உண்டா, யாரிடம் கேட்பது. கேட்க வேண்டுமானால் முதலில் இருந்து சொல்ல வேண்டும்.

உடைத்த தேங்காய், ஒரு சீப்புப் பழம், விபூதிப் பொட்டலம், எல்லாம் ஒரு பையில் கைக்கு வந்தது. கூரை மடங்கிப் போய் உட்கார்ந்ததில் பின்பெட்டியில் இடமில்லை. பையைப் பக்கத்து இருக்கையில் வைத்து, மேலே தண்ணீர் பாட்டிலையும் கைப்பையையும் வைத்துக்கொண்டு, வீட்டுப் பக்கம் திரும்ப இடைவெளி கிடைக்காமல், அப்படியே தெற்கே பொள்ளாச்சி ரோட்டில் ஏறினாள். உடனே ஒரு சத்தம். டிங் டிங் டிங் என்று. பயந்துபோய் எல்லாவற்றையும் பார்த்தாள், கதவு, பிரேக், எண்ணெய். முன்னால் ஒரு சிவப்புப் பொம்மை எரிந்தது, உட்கார்ந்திருக்கிற மனிதன், நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு பட்டை. அவள் பெல்ட் போட்டுத்தான் இருந்தாள். பிறகு புரிந்தது. பக்கத்து இருக்கைக்கு. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், அவர் பெல்ட் போடவில்லை, போடச் சொல் என்கிறது வண்டி. அமராவதி திரும்பிப் பார்க்கவில்லை. கிட்டுசாமி பெல்ட் போட மாட்டார். பெரிய வண்டியில் பட்டையை இழுத்து முதுகுக்குப் பின்னால் மாட்டிவிட்டு அதன் மேல் சாய்ந்துகொள்வார், மனுசனக் கட்டிப் போட்டா எப்படி ஓட்டறது என்பார். அவளுக்கு ஓட்டச் சொல்லித் தந்தபோதும் அப்படித்தான், இடப்பக்கம் உட்கார்ந்து வலக்கையை ஹேண்ட்பிரேக்கின் மேலேயே வைத்துக்கொண்டு, "கிளச்ச முழுசா அமுக்கு அம்மிணி, எறும்புக்கு வலிக்குமேன்னு மிதிக்காதே." இப்போது பெயர் சொல்லி, ராசி சொல்லி, நட்சத்திரம் சொல்லிக் கூப்பிட்டாயிற்று. டிங் டிங் டிங். ஒற்றைக் கையால் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சத்தம் நின்றது. கீழே காலடியில் வைத்தால் தொந்தரவில்லை, ஆனால் சாமி தேங்காயைச் செருப்புக் கால் வைக்கிற இடத்தில் எப்படி வைப்பது. மடியில் தேங்காய்ப் பை ஸ்டீரிங்கில் இடிக்க இடிக்க ஓட்டினாள். பக்கத்து இருக்கை சும்மா இருந்தது. சுருக்கம் இல்லாமல். சத்தம் நின்றதும் ஒரு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒருவரை எழுந்து போகச் சொன்ன மாதிரி இருந்தது.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்து அடித்தது. மரங்களையெல்லாம் வெட்டி அகலமாக்கிய ரோடு, இரண்டு பக்கமும் வெட்டவெளி, காற்று நேராக வந்து முகத்தில் விழுந்து சேலையைப் பிடித்து இழுத்து முடியை அவிழ்த்தது. பைக்கில் போன ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள், பார்த்தவள் சிரித்தாள். அமராவதியும் சிரித்தாள், சிரித்துவிட்டு எதற்குச் சிரித்தோம் என்று பயந்தாள். கல்யாணமான புதிதில் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து போனபோது இதே காற்றுதான், ஆனால் அன்று அவருடைய முதுகு அதில் பாதியைத் தடுத்துக்கொண்டது. இப்போது முழுவதும் அவளுக்குத்தான். நான்காவது கியர் போட்டாள், வழுக்கிக்கொண்டு போய் விழுந்தது, எறும்புக்கு வலிக்குமே என்று மிதிக்கவில்லை. வண்டி அடித்தொண்டையில் உறுமியது. உனக்கும் இது தெரியாதில்லையா என்று அதைக் கேட்டாள். ரேஸ்கோர்ஸையே சுற்றிச் சுற்றி வந்தால் என்ன தெரியும். ஒத்தக்கால்மண்டபம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் போன் அடித்தது.

ஓரத்தில் ஒரு இளநீர்க் கடை, அதைத் தாண்டித் தென்னந்தோப்பு. ஒதுக்கி நிறுத்தினாள். இளநீர்க்காரப் பெண் அரிவாளோடு எழுந்து நின்றாள். "ஏனுங்க்கா, மேல காணமே! வர்ற வழியில பறந்துருச்சுங்களா?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்தாள். அமராவதி பையைப் பக்கத்து இருக்கைக்கு மாற்றிவிட்டுப் போனை எடுத்தாள். எஞ்சினை நிறுத்த மறந்திருந்தாள். டிங் டிங் டிங்.

"என்னம்மா சத்தம் அது? எங்க இருக்கீங்க?"

"அது ஒண்ணுமில்ல கண்ணு. அப்பாவுக்கு அர்ச்சன பண்ணிட்டேன்."

சொன்ன பிறகுதான் தெரிந்தது. மறுபடியும் முடிவை முதலில் சொல்லிவிட்டாள். அந்தப் பள்ளம் விழுந்தது. நீளமான பள்ளம்.

"யாருக்கு அர்ச்சன?"

"வாய் தவறிச் சொல்லிட்டேன் சாமி. புது வண்டிக்கு. பேரு கேட்டாங்க. அப்பா பேரு வந்துருச்சு. வண்டி சின்னது. ஓடாத வண்டி. மேல தொறக்கும். தொறந்துதான் கெடக்குது இப்ப."

"அம்மா. அம்மா. ஒவ்வொண்ணாச் சொல்லுங்க. என்ன வண்டி? அப்பா வண்டி என்னாச்சு?"

சொன்னாள். எப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை, வேகத்தடை, மருதாணிப் பச்சை, மயில்வாகனம், ஆடி மாதம், எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு வந்தது. கடைசியில் கோகுல் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அவன் குரல் திடீரென்று சின்னப் பையனின் குரலாகிவிட்டது. "ரெண்டே சீட்டாம்மா? அப்ப நாங்க வந்தா?"

"நீங்கதான் வாடகை வண்டி எடுத்துக்குவீங்களே கண்ணு" என்றாள். குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே அப்படித்தானே என்றுதான் சொன்னாள். ஆனால் சொன்ன உடனே, சொல்ல வந்தது இதுதான் என்று அவளுக்கே தெரிந்தது. இதற்கு முன்னும் பின்னும் வேறு ஒன்றுமில்லை. யாரும் இதை எடுத்து வேறு மாதிரி சொல்லப்போவதில்லை.

அங்கே குழந்தை ஏதோ கேட்டு அழுதது, யாரோ அதட்டினார்கள். பிறகு கோகுல் தொண்டையைச் செருமிக்கொண்டான். குரல் மறுபடியும் பெரியவனாகியிருந்தது. "சரி. அப்புறம் பேசலாம். நீங்க அங்கயே இருங்க. ஓட்டாதீங்க. தரணி சுந்தராபுரத்துலதான் இருக்கான், உடனே வந்து வண்டிய எடுத்துக்குவான். தனியா ரோட்டோரம் இருக்கீங்க, கதவ லாக் பண்ணிட்டு உள்ளயே உக்காருங்க. பண்ணீங்களா?"

"பண்றேன்."

"இப்பப் பண்ணுங்க. சத்தம் கேக்கணும் எனக்கு."

பொத்தானை அழுத்தினாள். இரண்டு கதவுகளும் டக்கென்று பூட்டிக்கொண்டன. "பத்திரமா இருங்க" என்று சொல்லிப் போனை வைத்தான். அமராவதி எஞ்சினை அணைத்தாள். சத்தமும் நின்றது. பூட்டிய இரண்டு கதவுகளுக்கு நடுவே, தலைக்கு மேல் வானம் முழுவதுமாகத் திறந்து கிடக்க, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இளநீர்க்காரப் பெண் பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஆரோ வர்றாங்களாக்கா?" "ஆமாங்க. ஆள் வருது." சொன்னதும் அந்தச் சிவப்புக் கயிறு ஞாபகம் வந்தது. இழுத்தால் ஆள் வந்துவிடுவார்கள். இழுக்கவே இல்லையே, இருந்தும் வருகிறான். வருவான், பைக்கை இங்கேயே போட்டுவிட்டு, எறங்குங்கம்மா நான் எடுக்கறேன் என்பான், நல்ல பையன், மரியாதையாகத்தான் சொல்வான். அவள் இறங்கிச் சுற்றிப் போய் அந்தப் பக்கம் உட்கார வேண்டும். சுருக்கம் இல்லாத அந்தத் தோலில். அப்படி உட்கார்ந்து வீடு வரைக்கும் போய்விட்டால் அதற்குப் பிறகு எப்போதும் அந்தப் பக்கம்தான். அங்கிருந்து தொண்டாமுத்தூர் ரோடு ரொம்பக் கிட்டம்.

ஒரு துளி முன்கையில் விழுந்தது. கணவாய்ப் பக்கம் பார்த்தாள், மலையைக் காணவில்லை, வெள்ளையாக ஒன்று இறங்கி வந்துகொண்டிருந்தது. சாரல். சாவியைத் திருகி எஞ்சினைப் போட்டு, பிரேக்கில் காலை வைத்துப் பொத்தானை அழுத்திப் பிடித்தாள். கூரை எழுந்து தலைக்கு மேல் வந்து, முன் சட்டத்தைத் தொட்டு, நின்றது. பூட்டவில்லை. மாலை. குருக்கள் இறுக்கிக் கட்டிய செவ்வந்தி மாலை நடுவில் பிதுங்கிக்கொண்டு நின்றது. அதை அறுத்தால் கூரை மூடும். சாமி மாலை, வீடு போய்ச் சேர்வதற்கு முன்னால், பூஜை போட்ட அன்றைக்கே, அரிவாள் வாங்கி அறுப்பதா. ஏற்கெனவே ஒரு குற்றம் செய்தாயிற்று. கூரையைத் திருப்பி அனுப்பினாள், அது மறுபேச்சில்லாமல் பின்னால் போய் மடங்கிக்கொண்டது. "நனையறீங்களேக்கா, உள்ள வந்து நில்லுங்க!" என்று இளநீர்க்காரப் பெண் தார்ப்பாய்க்கு அடியில் இருந்து கத்தினாள். துளிகள் தோலில், ஸ்டீரிங்கில், கண் இமையில். நின்னாத்தான் நனைவீங்க. ஓடிட்டே இருந்தா மழ உள்ள விழாதுங்க. விற்பதற்காகச் சொன்னதாக இருக்கலாம். பார்த்தால்தான் தெரியும். சுந்தராபுரத்திலிருந்து வருகிறவன் பின்னால் இருந்து வருவான். முன்னால் கிணத்துக்கடவு, அப்புறம் பொள்ளாச்சி. ரோட்டில் ஏற விளக்குப் போட்டாள், பழகின கை, வைப்பர் ஓடியது, இந்த ஒரு தடவை அது சரியாக இருந்தது. டிங் டிங் டிங் என்று பக்கத்து இருக்கை மறுபடியும் ஆரம்பித்தது. சிவப்பு மனிதன் எரிந்தான். பையை மடிக்கு எடுக்கக் கையை நீட்டினாள். நீட்டிய கை பையைத் தாண்டி மேலே போயிற்று. புது பெல்ட், யாரும் இழுக்காததால் விறைப்பாக இருந்தது, இழுக்க இழுக்க வந்தது. "சித்த அடங்கி உக்காருங்க" என்று சத்தமாகவே சொன்னாள். பட்டையை முதுகுக்குப் பின்னால் விடவில்லை. முன்னால், தேங்காய்க்கும் பழத்துக்கும் குறுக்கே, சுருக்கம் விழுகிற மாதிரி இறுக்கி, மாட்டினாள். சத்தம் நின்றது. கிளச்சை முழுசாக அமுக்கிக் கியரைப் போட்டாள்.